மூன்றாவது ‘ஆச்சு’

ஜெயபாய் வாய்விட்டுச் சொன்னது இரண்டு உத்தரவுகள். ‘ஆச்சு’ என்று பதில் வந்தது மூன்று.

கட்டிலில் கிடந்தது ரப்பர் பொம்மை. தலைமாட்டில் ரத்தினம், வலப்பக்கம் வெள்ளத்தாய், கால்மாட்டில் ஜெயபாய். இடப்பக்கம் காலி, அங்கே நிற்க வேண்டிய நர்ஸ் ஒரு வாரமாக லீவு. இராஜபாளையத்தின் அந்தச் சிறிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் டாக்டர் சௌந்தரபாண்டியன் நர்சுகளுக்கு அவசர சிகிச்சை வகுப்பு எடுத்தார். கால்மாட்டில் நிற்பவர்தான் தலைவர். அவர் குழந்தையைத் தொடக் கூடாது, சொல்ல மட்டும் வேண்டும். மற்றவர்கள் செய்து முடித்து ‘ஆச்சு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

பொம்மையின் வாய்மேல் வைத்த மூச்சுப்பையை அழுத்தச் சொன்னாள் ஜெயபாய். ரத்தினம் ஆச்சு என்றாள். சளியை உறிஞ்சச் சொன்னாள். வெள்ளத்தாய் ஆச்சு என்றாள். அடுத்தது குளுக்கோஸா, அதற்கு முன்னால் ஊசியா என்று ஜெயபாய் மனதுக்குள் இரண்டு முறை புரட்டிப் பார்த்து, குளுக்கோஸ்தான் என்று தீர்மானித்து வாயைத் திறக்குமுன், பஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல் ‘ஆச்சு’ என்றது.

“யாரு சொன்னது?”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே,” என்றாள் வெள்ளத்தாய். “ஏட்டி, பொம்மைக்கே இம்புட்டு யோசனைன்னா, நெசப் புள்ள வந்தா நாங்க ஒரு காப்பி குடிச்சிட்டே வந்திரலாம் போலிருக்கே.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஜெயபாய், ஒனக்கு எல்லாம் தெரியுது. மனசுக்குள்ளயே வச்சுக்கிடுத. நீ நினைக்கிறது யாருக்கும் கேக்காதும்மா. வாயைத் தொறந்து சொல்லணும். வகுப்பு இன்னையோட முடிஞ்சுது, நாளையில இருந்து சாயங்காலம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குக்குப் போயிருவேன். இங்க நீதான் நிக்கணும். பயமா இருந்தா இப்பமே சொல்லிரு, வேற ஆளு பாக்கேன்.”

“பயம் இல்ல சார்.”

அது பொய். அன்று நோட்டில் பாடத்தை வரிசையாக எழுதினாள். மூன்றாவது ‘ஆச்சு’வை எழுதி, அடித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரை மணி. மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று ஜன்னல் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. பினாயில் வாடையோடு எங்கிருந்தோ நனைந்த பஞ்சின் வாடையும் கலந்து வந்து, மூக்கைத் துடைத்தும் போகாமல் தொண்டைவரை இறங்கியது. அப்போதுதான் மம்சாபுரத்திலிருந்து கருத்தம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் எட்டு மாதப் பையன். வலிப்பு கண்டு, உதடு நீலம் பாரித்து, கை கால் துவண்டு கிடந்தான்.

டாக்டரின் குரல் போனில் இரைச்சலுக்கு நடுவே வந்தது. “நாப்பது நிமிசத்துல வாரேன். அதுவரைக்கும் கால்மாட்டை விட்டு நகராத. தொடாத. சொல்லு.”

கருத்தம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவைத் தாண்டியும் அவள் அழுகை உள்ளே வந்தது.

ரத்தினம் மூச்சுப்பையை அழுத்தினாள். குழந்தையின் நெஞ்சு எழும்பவில்லை. ஏன்? கழுத்து மடங்கியிருக்கிறது. நிமிர்த்த வேண்டும். அதிகம் நிமிர்த்தினால் அதுவும் தப்பு. எவ்வளவு நிமிர்த்தச் சொல்வது என்று ஜெயபாய் யோசித்தபோது, காலியான இடப்பக்கத்திலிருந்து யாரோ மெல்லத் தொட்டதுபோல் குழந்தையின் மோவாய் உயர்ந்தது.

‘ஆச்சு.’

நெஞ்சு எழும்பியது.

“அக்கா, நீங்களா தொட்டீய?” ரத்தினம் கேட்டாள்.

“இல்ல. நீ அழுத்து,” என்றாள் ஜெயபாய்.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. குழந்தையின் உதட்டில் நீலம் குறைந்துகொண்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்ற வெள்ளத்தாய் ஊசி குத்தியிருந்த கால் அசையாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அசையவில்லை. ‘ஆச்சு.’ குளுக்கோஸ் கொஞ்சம் வேகமாக இறங்கட்டும் என்று நினைத்தாள். சொட்டுகள் வேகமெடுத்தன. ‘ஆச்சு.’ வெள்ளத்தாய் பாட்டிலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். இத்தனை நாளும் தொண்டையில் நின்றுபோனதெல்லாம் இன்று ஒருவருக்குக் கேட்கிறது. குழந்தை பிழைத்தால் போதும். யாராக இருந்தால் என்ன?

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியிருந்த வெள்ளத்தாய் சலித்துக்கொண்டாள். “வெளிய இந்தச் சத்தத்துல ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது.”

ஆமாம், அந்த அழுகை நின்றால் தேவலை. ஜெயபாய் நினைத்தது அவ்வளவுதான். அது உத்தரவு இல்லை.

“ஏ எஞ்சாமி, எம் புள்…”

அழுகை பாதிச் சொல்லில் அறுந்தது.

‘ஆச்சு.’

இந்த முறை குரல் இடப்பக்கத்திலிருந்து வரவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

“இப்பம் கேக்குது,” என்றாள் வெள்ளத்தாய். “துடிப்பு நல்லா இருக்குடி.”

ஜெயபாய் கதவைப் பார்த்தாள். போக வேண்டும். கால்மாட்டை விட்டு நகராதே. குழந்தை இன்னும் தானாக மூச்சு விடவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியே ஒரு சத்தமும் இல்லை. விசும்பல்கூட இல்லை.

குழந்தை முகத்தைச் சுளித்தது. இருமியது. பிறகு வீறிட்டு அழுதது. வெள்ளத்தாய் சிரித்தாள். “பொழச்சுக்கிட்டான். பொம்மைகிட்ட முழிச்சவளா நீ? கருத்தம்மாவக் கூப்பிடு போ.”

ஜெயபாய் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கருத்தம்மா பெஞ்சில்தான் இருந்தாள். கண்கள் விரிந்து இவளையே பார்த்தன. உதடுகள் ஒட்டியிருந்தன. வலக் கன்னத்தில் நான்கு குழிகள். இடக் கன்னத்தில் ஒன்று. விரல்கள் அழுத்தினால் விழும் குழிகள். விரல்கள் இல்லை. அவள் இரண்டு கைகளாலும் தன் முகத்துக்கு முன்னால் காற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். மூக்கு மட்டும் வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“விடு,” என்றாள் ஜெயபாய். வாயைத் திறந்து. உரக்க. “விட்டுரு.”

‘ஆச்சு’ வரவில்லை. வாயால் சொன்னது அதற்குக் கேட்கவில்லை.

மனதில் சொல்ல வேண்டும். விடு என்று நினைக்க வேண்டும். வேறு எதையும் நினைக்கக் கூடாது. மூக்கை நினைக்கக் கூடாது. மூக்கையும் அது மூடிவிட்டால்…

கருத்தம்மாவின் மூக்குத் துவாரங்கள், இரண்டு பக்கமும் ஒரே சீராக, மெல்ல உள்ளே அமுங்கி ஒட்டிக்கொண்டன.