வடக்குச் சுவரில் ஏறிய கைகள்

திங்கட்கிழமை காலை, வடக்குச் சுவரின் அடியில் கல்பாசி முளைத்திருந்தது. ஐந்து விரலும் விரித்த ஒரு கையின் வடிவம், அதே அளவு. ஒரே ராத்திரியில்.

கல்பாசி வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு என்று மேடை மேடையாகச் சொன்னவள் அந்தக் கட்டடத்தின் ஆர்க்கிடெக்ட். நகரத்துச் சுவர்களில் உயிர் படரட்டும் என்று, சொரசொரப்பான கல் பலகைகள் பதித்து அதை வடிவமைத்தவள். ஆறு வருஷமாக ஒரு பொட்டுகூட முளைக்காமல் ஊரே சிரித்தது.

இப்போது முளைத்தது, அவளுடைய தம்பி விழுந்து செத்த இடத்தில். பலகைகளைச் செதுக்கிய சிற்பி அவன். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், "அக்கா, சாரம் ஆடுது. கட்டிட்டு ஏறுறேனே" என்றான். "நேரமில்லடா, ஏறு" என்றாள். விசாரணையில், அவனாகத்தான் ஏறினான் என்று சொல்லிவிட்டாள். விருது அவள் பெயருக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை, முதல் கைக்கு மேலே இன்னொரு கை. புதன்கிழமை இரண்டாவது மாடிவரை.

"யாரோ ஏறிப் போற மாதிரியே இருக்கு மேடம். நீங்க போட்ட டிசைனா?" என்றார் வாட்ச்மேன்.

"ஆமா."

வேறென்ன சொல்வது? படம் பிடிக்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் கசந்தது.

வியாழக்கிழமை கம்பிப் பிரஷால் தேய்த்துப் பார்த்தாள். மழை நனைத்த கல்லின் வாசனைக்கு அடியிலிருந்து, சிமெண்டுத் தூசியும் வியர்வையும் ஊறிய தம்பியின் சட்டை வாசனை கிளம்பி மூக்கில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் தேய்த்த இடத்தில் கைகள் திரும்ப வந்திருந்தன. இப்போது ரேகைகளோடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நான்காவது மாடியில் அவளுடைய அறை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசியின் முனகலுக்குள், கல்லில் கல் உரசுவதுபோல் மெல்ல ஒரு சத்தம் வெளியே ஏறி வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். கடைசிக் கை ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே.

ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி மாட்டினாள். எதிரே போய் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

சத்தம் நின்றது.

ஜன்னல் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. வெறும் வெயில். அழுகை வந்தது, நிம்மதியா வெட்கமா என்று தெரியாமல்.

கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது.

சொரசொரப்பாக. ஐந்து விரல்.

உதற முடியவில்லை. கால் கல்லாகக் கனத்தது.

முழங்காலில் அடுத்த கை.

இடுப்பில்.

நெஞ்சில்.

கத்த வாய் திறந்தாள். உதட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரல் உள்ளே பிடிமானம் தேடியது.