வெட்டாத ஃபிரிட்ஜ்

கீழ் வீட்டுத் தையல்கார மாமாவின் ஃபிரிட்ஜ் ஒரு வாரமாகவே சண்டித்தனம் செய்தது. உறுமும், நடுங்கும், ஆனால் குளிராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே இருந்த பால் திரிந்துபோனதும் மாமாவின் பொறுமையும் திரிந்துபோனது.

"எனக்குக் கல்யாணம் ஆகிறதுக்கு முன்னாடி வாங்கினது. போதும், போய் வரட்டும்!" என்று சொல்லி, தெருவில் போன பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டார்.

இருவரும் சேர்ந்து அதை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டார். இரும்புக்காரர் ஃபிரிட்ஜைத் திருப்பி நிறுத்தி, அதன் முதுகைப் பார்த்தார். கருப்பாக ஒரு மோட்டார். அதிலிருந்து வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாய். இடுப்பில் செருகியிருந்த கட்டரை எடுத்தார்.

மாடி ஜன்னலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பூட்டு.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். பத்து வயதாகியும் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் வீட்டில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் தம்பி அதற்கு நேர் எதிர். தூக்கத்திலும் பேசுவான். அவன் பெயர் வானொலி.

"அக்கா, அம்மா வெட்டக் கூடாதுன்னு சொல்லுவாங்களே, அந்தக் குழாய்தானே இது?" என்றான் வானொலி.

அதேதான். அவர்களுடைய அம்மா ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய பெட்டி எது வந்தாலும், அதற்குள் இருக்கும் கேஸை முதலில் ஒரு சிலிண்டரில் பிடித்துக்கொண்டுதான் மற்ற வேலை. வெளியே விடவே மாட்டார்.

வானொலி அம்மாவுக்கு போன் போட்டான். மணி அடிக்கவே இல்லை. அம்மா ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைக்குள் வேலையாக இருந்தார். அங்கே சிக்னல் எட்டாது.

கீழே கட்டரின் வாய் குழாயைக் கவ்வியது.

பூட்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள். இறங்கியவள் இரும்புக்காரரின் எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாப்பா?"

"வெட்டாதீங்க அண்ணே."

"ஏன்?"

"உள்ள கேஸ் இருக்கு."

"இருந்தா புஸ்ஸுன்னு போயிடும். தினமும் பார்க்கிறதுதானே! ஒண்ணும் வெடிக்காது, பயப்படாதே."

"வெடிக்காது. ஆனா வெளிய விடக் கூடாது."

"பாப்பா, எனக்கு வேண்டியது மோட்டாரும் செம்பும். பெட்டியோட ஏத்தினா, எங்க ஷெட்டு இருக்கிற மேட்டுல வண்டி ஏறாது. வெட்டினாத்தான் வேலை நடக்கும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். பூட்டு மூன்று சக்கர வண்டியைப் பார்த்தாள். பழைய வாளிகளும் கம்பிகளும் கால்வாசிதான் இருந்தன. பிறகு கட்டரைப் பார்த்தாள். அதன் ஒரு பல் உடைந்திருந்தது. அவருடைய உள்ளங்கையில் கொப்புளம்.

"எங்க அம்மா ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடை அடுத்த தெருவுலதான், இறக்கத்துல. நீங்க அங்க மட்டும் கொண்டு வந்துடுங்க. அம்மாவே மோட்டாரை நட்டு நட்டாக் கழட்டித் தருவாங்க. நீங்க மல்லுக்கட்ட வேண்டாம். நாங்களும் வண்டியைப் பிடிச்சுக்கிறோம்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வானொலி கேட்டதில்லை. அதிசயத்தில் அவன் வாயடைத்துப்போனான்.

இரும்புக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "சரி. ஆனா ரொம்ப நேரம் நிற்க மாட்டேன்."

மாமாவும் வந்து கைகொடுக்க, ஃபிரிட்ஜ் வண்டியில் ஏறியது. பூட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். இரும்புக்காரர் முன்னால் இழுக்க, பிள்ளைகள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது ஃபிரிட்ஜ் வானொலியின் பக்கமாகச் சாய்ந்தது. அவன் போட்ட கூச்சலில் பழக்கடைக்காரர் ஓடிவந்து முட்டுக்கொடுத்தார்.

ஒருவழியாகக் கடை வந்தது. அம்மா வரவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. இரும்புக்காரர் வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடியும் கட்டரைத் தொட்டார். பூட்டு கடையைத் திறந்து, ஒரு நாற்காலியை நிழலில் போட்டாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

"சரி, சொல்லு. அப்படி என்ன பண்ணும் அந்த கேஸ்?"

அவருடைய வண்டியில் ஒரு குடை கட்டியிருந்தது. அதன் நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக வெயில் ஒரு வட்டமாகத் தரையில் விழுந்தது. பூட்டு அதைக் காட்டினாள்.

"சூரியன்ல இருந்து புற ஊதாக் கதிர்னு ஒண்ணு வருது. தோலைப் பொசுக்கும். கண்ணைக் கெடுக்கும். ரொம்ப உயரத்துல ஓசோன்னு ஒரு வாயு இருக்கு. அதுதான் அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுக்குது."

"குடை மாதிரியா?"

"ஆமா. இந்தப் பழைய ஃபிரிட்ஜ்ல இருக்கிற கேஸ் வெளிய போனா, மெதுவா மெதுவா அவ்வளவு உயரத்துக்கும் போயிடும். போய் ஓசோனை அழிக்கும். குடை அங்கங்க நைஞ்சுபோயிடும்."

"எனக்குத் தெரியும்!" என்று வானொலி குறுக்கே பாய்ந்தான். "அந்த ஓட்டை வழியா சூடு இறங்குது. அதனாலதான் பூமி சூடாகுது!"

"இல்லடா. அது வேற கதை."

"எங்க டீச்சர் சொன்னாங்களே!"

"டீச்சர் ரெண்டு கதையும் சொல்லியிருப்பாங்க. நீ பாதியில பேச ஆரம்பிச்சிருப்ப."

இரும்புக்காரர் சிரித்துவிட்டார். பூட்டு, ஃபிரிட்ஜ்களுக்கு உறையாகப் போடும் தடித்த போர்வை ஒன்றை எடுத்துத் தம்பி மேல் போர்த்தினாள்.

"இப்ப நீதான் பூமி. பகல்ல வெயில்பட்டு பூமி சூடாகும். அப்புறம் அந்தச் சூடு மேல கிளம்பிப் போகும். காத்துல இருக்கிற கரியமில வாயு மாதிரி சில வாயுங்க அதுல கொஞ்சத்தைப் போக விடாம பிடிச்சு வச்சுக்கும். போர்வை மாதிரி."

"போர்வை நல்லதுதானே?" என்றார் இரும்புக்காரர்.

"ஒண்ணு இருக்கணும். அதுவும் இல்லேன்னா பூமி உறைஞ்சுபோயிடும். ஆனா வண்டிப் புகை, நிலக்கரிப் புகைன்னு நாம மேல மேல போர்த்திக்கிட்டே இருக்கோம்." இரண்டாவது போர்வையைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள்.

"அக்கா, புழுங்குது! எடு! பூமி வேண்டாம், நான் நிலாவா இருக்கேன்!"

போர்வைக்குள்ளிருந்து வந்த குரலுக்கு இரும்புக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த கேஸ் குடையைத்தானே கெடுக்குது? போர்வைக்கும் இதுக்கும் என்ன?"

"இது போர்வையையும் தடியாக்கும் அண்ணே. கரியமில வாயுவைவிட ரொம்ப மோசம்."

"ஒரே திருடன், ரெண்டு வீட்டுலயும் புகுந்துட்டானா!" அவர் தாடையைச் சொறிந்தார். "ஆனா ஒரு பெட்டிக்குள்ள எவ்வளவு இருந்துடப் போகுது?"

"கொஞ்சம்தான். நீங்க இதுவரைக்கும் எத்தனை பெட்டி வெட்டியிருப்பீங்க?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. பூட்டுக்கு என்னவோ போலிருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையே அண்ணே. சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டீங்க."

அவர் கட்டரை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தெருவையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை.

அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாசலில் வண்டி, வண்டியில் ஃபிரிட்ஜ், நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர், தரையில் மூன்று போர்வைகளுக்குக் கீழே தன் மகன்.

"என்னடி நடக்குது இங்க?"

வானொலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். அம்மா உடனே கருவிப் பெட்டியைத் திறந்தார். செப்புக் குழாயில் ஒரு சின்ன வால்வைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை, கேஸை உறிஞ்சும் மெஷினுக்கும் சிலிண்டருக்கும் இணைத்தார். மெஷின் முனகியது. அம்மா சிலிண்டரைத் தராசில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பாதிதான் இருந்திருக்கு. குழாயில எங்கயோ ஊசி முனையளவு ஓட்டை. அதான் மாமாவுக்குக் குளிரலை."

"மீதிப் பாதி?" என்றாள் பூட்டு.

"காத்துல போயிடுச்சு."

"அப்ப நாம தோத்துட்டோமா?" என்றான் வானொலி.

பூட்டு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை. "பாதி இதுக்குள்ள இருக்கே," என்றாள்.

"இதைப் பத்திரமா அழிக்கிற இடத்துக்கு அனுப்பிடுவேன்," என்றார் அம்மா. "இந்த கேஸைப் புதுசா பண்ணக் கூடாதுன்னு உலகம் முழுக்கத் தடை வந்தாச்சு. ஓசோனும் கொஞ்சம் கொஞ்சமாத் தேறிக்கிட்டு வருது. இந்த மாதிரிப் பழைய பெட்டிக்குள்ள பதுங்கியிருக்கிறதுதான் மிச்சம்."

சொன்னபடியே மோட்டார் நட்டு நட்டாகக் கழன்று வந்தது. ஒரு கீறல் இல்லை. செப்புக் குழாயும் நசுங்காமல் வந்தது. இரும்புக்காரர் அவற்றைக் கையில் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலிக் கூட்டைப் பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மேட்டில் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கடை வாசலில் குரல் கேட்டது.

"பாப்பா! அம்மா இருக்காங்களா?"

வண்டியில் இரண்டு பழைய ஃபிரிட்ஜ்கள் நின்றன. வழியில் எதுவும் இடித்துவிடக் கூடாது என்று இரும்புக்காரர் அவற்றின் செப்புக் குழாய்களுக்குக் காயம்பட்ட கைக்குக் கட்டுவதுபோல் துணிக்கட்டு போட்டிருந்தார். முடிச்சுக்கு மேல் முடிச்சு. அத்தனையையும் அவிழ்ப்பதற்குள் அம்மாவுக்கு நகம் தேய்ந்துவிட்டது.