510-வது வரி

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் பிரிண்டருக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒரு தாளில் ஒரே ஓர் எழுத்தை அடித்தது. உடனே அடுத்த தாளுக்குத் தாவியது. அதிலும் ஒரே ஓர் எழுத்து. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத்தாள் மேசைக்கடியில் புகுந்து, ஸ்டூல் காலைச் சுற்றிக்கொண்டு, கதவு வரைக்கும் போய்விட்டது. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கம்ப்யூட்டர் ஆசிரியர் நாகப்பன் சார் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். சிரிப்பு நின்றது.

“யாரோட செட்டிங் ஃபைல் இது?”

“என்னுது சார்” என்று எழுந்தாள் கன்னியம்மா.

செட்டிங் ஃபைலில் பிரிண்டருக்கான கட்டளைகள் இருக்கும். ‘பக்கம் = 60’, ‘ஓரம் = 10’ என்று வரிக்கு ஒரு கட்டளை. கடிதம் அழகாக வர ஓரத்தைப் பன்னிரண்டு ஆக்கு என்று சொன்னவரே நாகப்பன் சார்தான். கன்னியம்மா ஆக்கினாள், சேமித்தாள். இப்போது பார்த்தால் ஆறு கட்டளைகளும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரிண்டர் பாவம், என்ன செய்யும்?

“ஏன் இப்படி ஒட்டி வெச்சே?”

“நான் ஒட்ல சார். பத்தைப் பன்னண்டா மாத்துனேன். அவ்ளோதான் சார்.”

“கம்ப்யூட்டர் தானா ஒட்டுமா? வெள்ளானூர்லேர்ந்து வர்றதுங்களை மெஷின் பக்கம் விட்டதே என் தப்பு. இனிமே ‘பி’ பிரிவுக்கு கம்ப்யூட்டர் கிளாஸே கிடையாது. எல்லாரும் வெளியே போங்க!”

எப்படி நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னியம்மாவுக்கு அதுதான் உறுத்தியது.

அறைக்கு வெளியே செருப்புக் குவியல் கிடந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தன் செருப்பைத் தேடும்போது சொர்ணம் அவளை இடித்தாள்.

“வாரத்துக்கு ஒரு பீரியட் ஏசில குந்திகினு இருந்தோம். அதுவும் பூட்டுது. எல்லாம் உன்னாலதான்டி!”

அன்று மதியம் யாரும் கன்னியம்மாவோடு சாப்பிடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். எலுமிச்சைச் சாதம் கசந்தது.

“உனக்கும் ஒட்டிக்கிச்சாமே?” என்று கேட்டபடி வந்தான் சுலைமான்.

சுலைமான் ‘ஏ’ பிரிவு. அவன் அப்பாவுக்குத் திருச்சியிலிருந்து ஆவடி தொழிற்சாலைக்கு மாற்றலானதால் ஜூன் மாதம் இங்கே வந்து சேர்ந்தான். குவார்ட்டர்ஸில் வீடு. ‘ஏ’ பிரிவில் இடம் கிடைக்கும் வரை முதல் மாதம் ‘பி’ பிரிவில் உட்கார்ந்திருந்தான். அப்போது பிடித்துக்கொண்ட நட்பு.

“உனக்கும்னா? வேற யாருக்கு ஒட்டிச்சி?”

“எனக்குத்தான். போன வாரம். என் செட்டிங் ஃபைலைத் திறந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. சேமிச்சதும் ஒரே வரியாயிடுச்சு. நான்தான் எதையோ அமுக்கிட்டேன்னு நினைச்சு வாயைத் திறக்கலை.”

கன்னியம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“அப்போ நம்ம மேல தப்பு இல்ல. அந்த எடிட்டர் மேலதான் கீது.”

எடிட்டர் என்பது எழுதவும் திருத்தவும் உதவும் புரோகிராம். ‘ஏ’ பிரிவு ரகுநாதன் கோடை விடுமுறையில் உட்கார்ந்து எழுதியது. நாகப்பன் சாருக்கு அதில் ஏகப் பெருமை. கடிதத்தைச் சேமித்தால் வரிகளை அழகாகச் சேர்த்துப் பத்தியாக்கிவிடும். செட்டிங் ஃபைலாக இருந்தால் வரிகளை அப்படியே விட்டுவிடும்.

“எது லெட்டர், எது செட்டிங் ஃபைல்னு அதுக்கு எப்டிடா தெரியும்?” என்றாள் கன்னியம்மா.

சுலைமானுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை ‘ஏ’ பிரிவு நேரத்தில் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

சொன்னபடியே செய்தான். ஒரே செட்டிங் ஃபைலை மூன்று பெயரில் சேமித்துப் பார்த்தான். அவர்கள் பள்ளியில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. ஃபைலின் பெயரில் புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்து வரும் அல்லவா? மற்ற இடங்களில் அது என்ன ஃபைல் என்பதைச் சொல்லும். இங்கே அது யாருடைய ஃபைல் என்பதைச் சொல்ல வேண்டும். ரகுநாதன் ஏ07, கன்னியம்மா பி19, கடைசியாக வந்த சுலைமான் ஏ41. யார் குறும்பு செய்தாலும் கண்டுபிடிக்க நாகப்பன் சார் செய்த ஏற்பாடு அது.

“ஏ07-னு வெச்சா ஒட்டலை. பி19-னு வெச்சா ஒட்டிக்குது. என் நம்பர் வெச்சா, திறக்கும்போது சரியா இருக்கு, சேமிக்கும்போது ஒட்டிக்குது” என்றான் சுலைமான் மறுநாள்.

“உள்ள இருக்கறது ஒண்ணுதானே?”

“ஒண்ணேதான். அப்புறம் புரோகிராமையே திறந்து பார்த்தேன். ஏ01-ஆ, ஏ02-ஆ, ஏ03-ஆன்னு ஒவ்வொரு நம்பரா கேட்டுக்கிட்டே போகுது. இந்த நம்பர்ல ஒண்ணா இருந்தா, செட்டிங் ஃபைலா இருக்குமோன்னு பார்க்கும். இல்லாட்டி லெட்டர்னு முடிவு பண்ணிடும். திறக்கற இடத்துல ஒரு தடவை கேக்குது, சேமிக்கற இடத்துல அதையே மறுபடியும் கேக்குது. நான் புதுசா வந்தேனா, முதல் இடத்துல என் நம்பரைச் சேர்த்தவன் ரெண்டாவது இடத்துல மறந்துட்டான்.”

“எங்க கிளாஸ் நம்பரு?”

சுலைமான் தரையைப் பார்த்தான். “ஒண்ணுகூட இல்லை. ரகுநாதன்கிட்ட கேட்டேன். ‘பி பசங்க லெட்டர்தானே அடிப்பாங்க’ன்னு சொன்னான்.”

கன்னியம்மாவுக்குச் சுர்ரென்று வந்தது. ரகுநாதன் கெட்ட பையன் இல்லை. பேனா கேட்டால் கொடுப்பான். ஆனாலும் நாற்பது பேரை ஒரேயடியாகக் கடிதக்காரர்கள் ஆக்கிவிட்டானே!

“பேரைப் பாத்து எத்தினி நாளைக்குத்தான் கேட்டுகினு இருக்கும்? எங்க ஊட்ல காப்பித்தூள் டப்பாலதான் சீரகம் கீது. எங்கம்மா டப்பா மேல இன்னா எழுதிக்கீதுன்னா பாக்குது? தொறந்துதான் பாக்குது.”

“அதனால?”

“நம்பரையெல்லாம் தூக்கிடு. ஃபைலைத் தொறந்து உள்ள பாக்க சொல்லு. எல்லா வரிலயும் ஒரு பேரு, சமக்குறி, அப்பாலிக்கா ஒரு அளவு இருந்தா அது செட்டிங் ஃபைலு.”

சுலைமான் யோசித்தான். “கணக்கு எழுதினா லெட்டர்லயும் சமக்குறி வருமே?”

“ஒரு வரில வரும். எல்லா வரிலயும் வருமா? ‘மதிப்பிற்குரிய ஐயா சமம் பத்து’ன்னு யார்னா எழுதுவாங்களா?”

சுலைமான் சிரித்ததில் அவன் வாயிலிருந்த சோறு சைக்கிள் மேல் தெறித்தது.

“இன்னொண்ணு. இதை ஒரே இடத்துல எழுது. தொறக்கும்போதும் சேமிக்கும்போதும் அங்க வந்து கேட்டுகினு போகட்டும். ரெண்டு எடத்துல வெச்சாதான் ஒண்ணுல மறந்து பூடும்.”

“சரி. ஃபைல் காலியா இருந்தா? எதுன்னே தெரியாட்டி?”

“தெரிலன்னா அடிக்கிறவங்களை கேக்கட்டும். கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்?”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சுலைமான் பார்க்காத மாதிரி டிபன் பாக்ஸை மூடினான்.

அடுத்த ஒரு வாரம் கன்னியம்மா சைக்கிள் ஸ்டாண்டில் சொல்வாள், சுலைமான் கம்ப்யூட்டர் அறையில் அடிப்பான். பாதி வழியில் மறந்துவிட்டுத் திரும்பி ஓடிவருவான். அசல் புரோகிராமை அவர்கள் தொடவில்லை. ஒரு பிளாப்பி டிஸ்க்கில் நகல் எடுத்து அதில்தான் மாற்றினார்கள். எண்பத்தொரு கேள்விகள் போய், ஒரு சின்னப் பகுதி மட்டும் நின்றது.

“500-வது வரியிலே நம்ம பகுதி ஆரம்பிக்குது. 510-லே உன் பேரைப் போட்டிருக்கேன்” என்றான் சுலைமான். “அது குறிப்பு வரி. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போயிடும். மனுஷங்க படிக்கறதுக்குத்தான்.”

“இன்னா போட்டே?”

“‘யோசனை: கன்னியம்மா, பி19’னு.”

அன்று கன்னியம்மா வெள்ளானூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனாள். கால் வலிக்கவே இல்லை.

அந்தப் பிளாப்பியை சாரிடம் எப்படிக் கொடுப்பது என்று இருவரும் தவித்துக்கொண்டிருந்தபோது, சாரே வந்து மாட்டினார்.

அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளுக்காக நாகப்பன் சார் புதிதாக ஒரு செட்டிங் ஃபைல் செய்தார். பெயரின் கடைசியில் எந்த மாணவர் எண்ணும் இல்லை. சேமித்தார். பிரிண்டரைப் போட்டார். ‘ஏ’ பிரிவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பிரிண்டர் தாளுக்கு ஓர் எழுத்தாகத் துப்ப ஆரம்பித்தது.

சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

“சார், இப்போ ‘பி’ பிரிவு யாருமே இங்கே இல்லையே சார்” என்றான் சுலைமான்.

ரகுநாதனின் காது சிவந்தது. சுலைமான் பிளாப்பியை நீட்டினான். அதைப் போட்டு, சார் கட்டளைகளைப் பிரித்து மறுபடி சேமித்தார். இம்முறை ஃபைல் வரிக்கு ஒரு கட்டளையாகச் சமர்த்தாக நின்றது. கேள்வித்தாள் ஒழுங்காக அச்சாகி வெளியே வந்தது.

“யார் செய்தது?”

“யோசனை கன்னியம்மா சார். அடிச்சது மட்டும்தான் நான்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“வெள்ளிக்கிழமை ‘பி’ பிரிவை வரச் சொல்” என்றார்.

சுலைமான் ஓடிவந்து சொன்னதும் வகுப்பே கூத்தாடியது. சொர்ணம் தன் டிபன் பாக்ஸிலிருந்த வடையைப் பிட்டுக் கன்னியம்மாவிடம் கொடுத்தாள். பெரிய பாதியை அவளே வைத்துக்கொண்டாள்.

கன்னியம்மா வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். சார் தன்னைப் பார்த்தால் ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். மறுநாள் வராந்தாவில் எதிரே வந்தவர் நின்றார்.

“இனிமேலாவது பார்த்துச் செய்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலை வணக்கக் கூட்டத்தில், நம் ரகுநாதன் தன் எடிட்டரை இன்னும் மேம்படுத்தியிருக்கிறான் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ரகுநாதன் நிமிரவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. கன்னியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. செருப்புகள் வாசலில் குவிந்தன. கன்னியம்மாவின் முறை வந்ததும், தன் பி19 செட்டிங் ஃபைலைத் திறந்து, ஒட்டிக் கிடந்த ஆறு கட்டளைகளையும் வரி வரியாகப் பிரித்தாள். சேமித்தாள். மறுபடி திறந்தாள். ஆறும் ஆறாகவே இருந்தன. மூச்சு சீராக வந்தது.

பிறகு எடிட்டரை மூடிவிட்டு, சுலைமான் சொல்லிக்கொடுத்தபடி புரோகிராமைத் திரையில் வரவழைத்தாள். தன் பெயரைக் கண்ணால் பார்க்க ஆசை.

வரி எண்கள் பத்துப் பத்தாக ஏறின. 490. 500. 520. 530.

மறுபடியும் பார்த்தாள். 510 இல்லை.

எந்த வரியும் தானாகக் காணாமல் போகாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை மட்டும் அழித்திருக்கிறார்கள். எடிட்டர் முன்போலவே நன்றாக வேலை செய்தது. அந்த வரி இல்லாததால் அதற்கு ஒரு குறையும் இல்லை. கன்னியம்மாவுக்குக் கண் எரிந்தது.

ஆனால் முன்னால் 510 என்று எண்ணைப் போட்டு அடித்தால் வரி அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் சுலைமான்தான் சொல்லியிருந்தான். அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தாள்.

நாகப்பன் சார் அந்தப் பக்கமாக வந்தார்.

“என்ன, லெட்டர்தானே அடிக்கறே?”

“இல்ல சார்” என்றாள் கன்னியம்மா. “என் பேரு.”

சார் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் அந்த வரியைச் சேமித்துவிட்டாள்.