கடல் இடம் மாறிய வீடு

1979 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, நண்பகல். புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள தன் வீட்டில், ஆனந்தமேரி உணவு மேசையின்முன் தெற்கு நோக்கி அமர்ந்திருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அடிக்கடி மயங்கி விழுந்ததற்குக் காரணம் காண, முந்தைய வாரம் சென்னையில் ஒரு மருத்துவமனையில், தொடை வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி, மூளையின் வலப்பக்க இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். அவள் வாந்தி எடுத்ததால் இடப்பக்கத்தை ஒத்திவைத்தார்கள். பாதிப்பு ஏதுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் கடல் இடம் மாறியிருந்தது.

முப்பது ஆண்டுகளாக அந்த நாற்காலியில் அமர்ந்தால் கடல் இடப்பக்கம்தான் இரையும். இன்று அது வலப்பக்கம், வாய்க்கால் இருக்கும் திசையிலிருந்து இரைந்தது. காடியும் பூண்டும் மணத்த மீன் குழம்பின் ஆவியும், மரச் சன்னலின் இடுக்குகள் வழியே தரையில் விழுந்த வெயில் கோடுகளும், மின்விசிறியின் தாழ்ந்த முனகலும் என்றும்போல் இருக்க, அந்த இரைச்சல் மட்டும், யாரோ கடலைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து மறுபுறம் இறக்கி வைத்ததுபோல், விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதிலிருந்தே வீட்டில் பொருள்கள் குறைந்துகொண்டிருந்தன: சீப்பு, நீர்க்குவளை, ஒற்றைச் செருப்பு. எதையும் அதனதன் இடத்தில் வைப்பவள் அவள். வெயில் கோடுகளைப் பார்த்தாள். அவை பாதித் தரையிலேயே முடிந்துபோயின.

"மேரி, ஊட்டுக்காரனுக்குச் சோறு கெடையாதா?"

கணவர் சவரிராயனின் குரல். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாவின் கட்டைக் குரல். அது வலப்பக்க நாற்காலியிலிருந்து வந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

அடுப்படியிலிருந்து வந்த தங்கை ஞானமேரி சிரித்தாள். "ஏங்க்கா, அத்தானைப் பட்டினி போட்டே தீத்துடலாம்னு பாக்கறியா? ஒரு தட்டுதான் வச்சிருக்க."

"அவர் எங்க?"

"தோ, உன் பக்கத்துலதான குந்தியிருக்காரு!"

ஞானமேரி விரலால் சுட்டினாள். ஆனந்தமேரி அந்த விரலைத் தொடர்ந்தாள். விரல் முடிந்தது. அதற்கப்பால் இருட்டுமில்லை, சுவருமில்லை. தங்கை சுட்டிய பக்கம் என்று ஒரு பக்கமே இல்லை.

மாலையில் குடும்ப மருத்துவர் வந்து, வலப்பக்க நாற்காலியில் அமர்ந்தார். பெயர் கேட்டார். நாள் கேட்டார். பல்லைக் காட்டச் சொன்னார்.

"ரெண்டு கையாலயும் என் விரலை அழுத்திப் பிடிங்கம்மா."

பிடித்தாள்.

"ரெண்டும் நல்ல பலமா இருக்கு. ஒண்ணும் ஆகலை. மீதிப் பக்கத்தையும் படம் எடுத்துடலாம்."

அவள் அறிந்து கொடுத்தது வலக் கையை மட்டுமே.

"வேணாம் டாக்டர். இந்தப் பக்கமும் போயிடும்."

"என்னம்மா போயிடும்?"

சொல்ல முயன்றாள். இல்லாத ஒன்றுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

மருத்துவர் வாயை மூடிக்கொண்டார். மூடிய அந்த வாயிலிருந்து சவரிராயனின் குரல் வந்தது. "எரியற அடுப்புமேல விழப் பாத்தவ நீ. இனிமே உன்னைக் கேட்டா ஆவாது மேரி. நான் கையெழுத்துப் போடறேன்."

மருத்துவர் ஒப்புதல் தாளை அவளுடைய வலப்புறம் விரித்தார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சவரிராயன் வந்து நின்றார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

அப்போது வந்தது.

ஒரு கை. மேசைமேல் ஊர்ந்து. மெதுவாக. நரம்பு புடைத்த, அவள் அறியாத கை. அதற்குத் தோளில்லை. ஆளில்லை. விரலில் அவளுடைய திருமண மோதிரம்.

 

மூளையின் இடப்பக்கத்தையும் ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை, அதே முறையில் படமெடுப்பது என்று முடிவாயிற்று. சவரிராயன் கையெழுத்திட்டார். அவர் எழுதி முடிக்கும்வரை, தாள் பறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கை.