புகையில்லாத டிப்போ

"அய்யோ...!"

எலக்ட்ரிக் பஸ் டிப்போவின் சார்ஜிங் ஷெட்டிலிருந்து கிளம்பிய அலறலில், முகப்பில் வரவேற்பு பேனர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள்.

பஸ் சக்கரத்தின் ஓரமாய் மல்லாந்து கிடந்தார் டிப்போ சூப்பர்வைசர். கையில் சார்ஜர் கேபிள்.

மூச்சு இல்லை!

மழையில் நனைந்துகொண்டு பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது பிணம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. தரையைக் கழுவி முடித்திருந்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டுய்யா கழுவுனீங்க?"

டிப்போ மேனேஜர் டையைச் சரிசெய்தார். "மேடம்... வெளியூர்லேருந்து பெரிய குழு வருது. டீசலை விட்டுட்டு எலக்ட்ரிக்குக்கு எப்படி மாறுனோம்னு நம்மகிட்ட கத்துக்க வர்றாங்க. பொணம் கிடந்த தரையையா காட்டறது?"

"அப்ப தடயத்தை எப்படி அழிக்கறதுன்னும் சேர்த்துக் கத்துக் குடுங்க!"

"தடயம் எதுக்கு மேடம்? கேபிளோட மேலுறையைச் சீவி வச்சிருக்கான். ஷாக் அடிச்சுச் செத்திருக்கார். யாருன்னும் காட்டிட்டேனே!"

மூலையில், ஏட்டுவின் பிடியில் நின்றான் அவன். செத்தவரின் மச்சினன். எலக்ட்ரிக் பஸ் வந்ததும் டிரைவர் வேலை போனவன். போகிற இடமெல்லாம் புது பஸ்ஸைத் திட்டித் திட்டியே 'டீசல்' என்று பேர் வாங்கியவன். அன்று காலையில் அவன் சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றதை டிப்போவே வேடிக்கை பார்த்திருந்தது.

"சண்டை போட்டேன் மேடம்... எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க மாமான்னு! அதுக்காக எங்கக்கா வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போடுவனா?"

போன் அலறியது. மேலதிகாரி!

"அவனை உள்ள தள்ளி கேஸை முடிங்கம்மா. விருந்தாளிங்க வர்ற நேரம்."

"சார், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்..."

"அது வரும்போது வரட்டும்!" வைத்துவிட்டார்.

போனைத் தூக்கி மழையில் எறியலாம் போலிருந்தது அவளுக்கு. ஒரு கேஸையாவது நிம்மதியாய் விசாரிக்க விடுவார்களா? காலையில் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம், சாயங்காலம் தம்பியும் இல்லையென்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மறுபடி போன். இந்தத் தடவை டாக்டர்.

"மேடம், உடம்புல ஷாக் அடிச்ச காயமே இல்ல. தோல் செக்கச்செவேல்னு இருக்கு. ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டேன். கார்பன் மோனாக்சைடு... விஷப்புகை! மூடின ரூமுக்குள்ள எஞ்சின் ஓடினா இப்படித்தான் சாவாங்க."

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இங்க ஏதாவது எஞ்சின் ஓடுதா?"

"என்ன மேடம் கேள்வி! தலைகீழா நின்னு தேடினாலும் ஒரு சொட்டு டீசல் கிடைக்காது. எல்லாம் கூரை மேல இருக்கற சோலார்!"

கூரை மேல் மழை கொட்டித் தீர்த்தது. வானம் கருத்துக் கிடந்தது. தெருவில் சிக்னல் விளக்கு எரியவில்லை. எதிர்க் கடையில் ஃபேன் சுற்றவில்லை.

"மழை ஆரம்பிச்சதுமே கரண்ட் போயிடுச்சு மேடம்," என்றார் ஏட்டு.

வெயிலும் இல்லை. கரண்டும் இல்லை. ஆனால்... சார்ஜர்களில் மட்டும் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது!

அவள் விறுவிறுவென்று பின்சுவரை நோக்கி நடந்தாள். சுவர் நிறைய மரமும் பறவையும் வரைந்திருந்தார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

மழை இரைச்சலில் அமுங்கிப்போன ஏதோ ஓர் உறுமலில் சுவர் அதிர்ந்தது!

பக்கத்திலேயே பூட்டிய கதவு.

"ஸ்டோர் ரூம் மேடம்... சாவி எங்கேயோ..." மேனேஜருக்கு நாக்கு குழறியது.

"ஏட்டய்யா, உடைங்க!"

பூட்டு தெறித்தது. குபீரென்று கரும்புகை முகத்தில் அறைந்தது. உள்ளே... லாரி உயரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர்! புகையை வெளியேற்றும் குழாயைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள்.

மேனேஜரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"சொல்லுய்யா!"

"டிப்போவுக்குப் பெரிய கரண்ட் லைன் இன்னும் வரலை மேடம். கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். அதுக்குள்ள திறப்பு விழா வச்சுட்டாங்க. கரண்ட் போனா இது தானா ஓடும். குழு கண்ணுல புகை பட்டா மானம் போயிடும்னு குழாயைக் கழட்டினேன். சூப்பர்வைசர் கேக்கலை. 'லைன் போடாம பஸ் வாங்காதீங்கன்னு வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லப் போறேன். நாம பட்டது போதும்'னார்."

"அதனால?"

"உள்ள தள்ளிப் பூட்டினேன். குழு போற வரைக்கும்தான்! கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து பாத்தா... மூச்சில்ல. பயத்துல இழுத்துட்டு வந்து பஸ் பக்கத்துல போட்டேன். கேபிளைச் சீவினதும் நான்தான்."

மச்சினன் 'டீசல்' தரையில் சரிந்து, வாய்விட்டு அழுதான்.

வாசலில் ஹாரன் சத்தம். குழு வந்துவிட்டது!

"பூட்டும்போது மெஷின் அணைஞ்சுதான் இருந்தது மேடம்! சத்தியமா!" மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "திடீர்னு கரண்ட் போகும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினாள்.

"கரண்ட் போகும்னுதானேய்யா இந்த மெஷினையே வாங்கி வச்சே!"