கிண்ணத்தில் விழுந்த பச்சை

"யோவ்! பால் கிண்ணத்துல கையை விடாதய்யா!"

அமலோற்பவம் போட்ட சத்தத்தில் அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். முழங்கை இடித்து, ரப்பர் மரத்துக் கிண்ணம் கவிழ்ந்தது. இருட்டோடு எழுந்து அவள் மரம் சீவி எடுத்த பால், அவன் கால்சட்டையில் வெள்ளையாய் வழிந்தது.

அவனோ... உள்ளங்கையில் நனைந்து கிடந்த ஓர் அந்துப்பூச்சியை, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பூச்சிக்காகவா என் பாலைக் கொட்டினீங்க?"

"வெறும் பூச்சி இல்லீங்க... என் பொழப்பே இதுதான்."

நிமிர்ந்தான். பெரிய கண்கள்... தூக்கம் காணாத கண்கள். வாயில் வைத்திருந்த அடுத்த வசவு அவளுக்கு மறந்தே போனது.

பெயர் கிரகோரி. சிங்கப்பூர் மியூசியத்தில் பூச்சிகளைப் படம் வரைகிறவன். கடலைத் தாண்டும் புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து, தோட்டத்தை ஒட்டிய புலாய் மலைக்கு வந்து போகிறான். இந்தப் பூச்சி புது இனம் என்பது அவன் கட்சி. மியூசியத்துத் துரை சிரித்துவிட்டார். போன தடவை கிடைத்ததும் கிண்ணத்தில் விழுந்ததுதான். பால் உறையாமலிருக்க ஊற்றும் மருந்து பட்டுச் சிறகின் பச்சை வெளுத்திருந்தது. ஏற்கெனவே தெரிந்த பழைய இனம்தான், சாயம் போயிருக்கிறது என்றார். முழுசாய் ஒன்று கொண்டுவந்தால் அதைப் பற்றி நீயே எழுதி அச்சுக்குக் கொடு, இல்லையென்றால் மலையை மறந்துவிடு என்றார்.

"இதுவும் வெளுத்துப்போச்சு..." புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"அலமாக்! இதுக்கா அழுவுறீங்க? மழை பேஞ்ச மறுநாள் பெரட்டுக்கு வாங்க. வெளக்குக்குப் பக்கத்துச் செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

மரம் நனைந்தால் வேலையில்லை, வேலையில்லையென்றால் அடுப்பில்லை. மழையைத் திட்டியே வளர்ந்தவள், அன்று முதல் தடவையாக மழை வேண்டுமென்று மாதாவிடம் கேட்டாள்... கொட்டியது!

விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம் நின்றது. சுவரில்... அதே பூச்சி! கிரகோரி வலையைத் தூக்கினான்.

"செறகு ஒடஞ்சிரும், சும்மா இருங்க!"

தன் கிண்ணத்தைத் தலைத்துணியால் துடைத்து, பூச்சியின் மேல் பதமாகக் கவிழ்த்து, அடியில் ஓர் இலையைச் செருகினாள். "இதுல விழுந்துதானே கெட்டுச்சு... இதுலயே வரட்டும்."

அவன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வாழைக்குருத்துப் பச்சை. ஓரத்தில் செம்மண் நிறத்தில் சன்னக் கோடு. பின்சிறகில்... ஒரு வெள்ளைப் பொட்டு. பழைய இனத்துக்கு அந்தப் பொட்டு கிடையாது!

"புதுசுதான்!" களத்து நடுவே குதித்தான். "இதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்!"

கூட்டம் சிரித்தது. இனி லயத்து வீடுகள் முழுக்க அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடும். அவள் முகம் சிவந்தது.

"ஊசியில குத்தி வைக்கிற பூச்சிக்கு என் பேரா? ஞானஸ்நானத்துல வச்ச மாதா பேருங்க அது! யாரைக் கேட்டு வைக்கிறீங்க?"

வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தன்னால் தரமுடிந்த பெரிய மரியாதை எப்படி அவமானமாயிற்று என்று விளங்காமல் அவன் நின்றான்.

மாதங்கள் போயின. ரயில் ஊதும்போதெல்லாம் வெட்டும் கத்தி அரைக்கணம் நிற்கும்... பிறகு, வரட்டுமே, எனக்கென்ன என்று இன்னும் ஆழமாய் வெட்டும்.

ஒரு மத்தியானம். பால் கொட்டகைக்கு வெளியே மழை. சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தான் கிரகோரி. சட்டைக்குள்ளிருந்து எடுத்த தாள் மட்டும் நனையவில்லை.

"அச்சுல வந்திருச்சு! நான் எழுதினது! துரையே எழுந்து கை குடுத்தாரு!"

பொட்டு வைத்த சிறகு அந்தத் தாளில் விரிந்திருந்தது. அவள் கண்ணும் விரிந்தது.

"பேரு...?"

"மலை பேரு. புலாய்."

"அப்ப என் பேரு?"

"பத்திரமா எங்கிட்டவே இருக்கு... தப்பு என்னுதுங்க. பூச்சி மேல ஆசைன்னு நெனச்சு அலைஞ்சேன். உங்க மேலதான்..."

அவள் தாளை வாங்கி, சாரல் படாமல் மடித்தாள்.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அவளையே கேளு, கத்தி அவ கையிலதான் இருக்கு'ன்னாரு."

சிரிப்பை அடக்கினாள்... முடியவில்லை.

"அப்ப சாமியார்கிட்ட போங்க. மூணு ஞாயிறு கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கட்டும். அதுல வைங்க என் பேரை... உங்க பேருக்குப் பக்கத்துல."

அவன் துள்ளிய துள்ளலில் வாளி உருண்டது. பால் கொட்டகை முழுக்கப் பால்.

இந்தத் தடவை அமலோற்பவம் சத்தமே போடவில்லை.