தீரஜ் விட்டுப்போன நினைவூட்டல்

மல்பே துறைமுகத்து ஐஸ் ஆலைக்கு மேலே இருந்த அந்த அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மழை விடவேயில்லை. மீன் வாடையும் டீசல் வாடையும் சுவரிலேயே ஊறிக் கிடந்தன. கடலில் இருக்கும் ஒவ்வொரு படகும் தான் இருக்கும் இடத்தை அந்த அறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கவனிப்பதுதான் என் வேலை.

"தீரஜ் உக்காந்த நாற்காலி இது. ஒரு கால் ஆடும், பாத்து உக்காரு நயனா," என்றார் படகுச் சங்கச் செயலாளர் கர்கேரா.

"அவர் இப்ப எங்கண்ணே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பயிற்சிக் கம்ப்யூட்டர்னு நெனச்சு நெசக் கம்ப்யூட்டர்ல படகுப் பதிவ அழிச்சிட்டான். காணாமப் போன அவன் அண்ணன் படகு கடைசியா எங்க நின்னுச்சுங்கறதும் அதோட போச்சு. எங்கன்னு போய்த் தேடறது? அப்புறம் ஒருநாள் தோணிய எடுத்துக்கிட்டு இவனே தேடிப் போனான். தோணி மட்டும் திரும்பி வந்துச்சு."

போவதற்கு முன் தீரஜ் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி எந்த ஃபோல்டருக்குள் நுழைந்தாலும், அவன் எழுதிய நினைவூட்டல் ஒன்று தானாக வந்து நிற்கும்.

'இது பழசு, அழிக்கலாம்.'

'இது நெசம். ரெண்டு தடவ பாரு.'

எனக்கு எரிச்சலாக வந்தது. வாசலுக்கு வாசல் மாமியார் நின்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாதாக்கும்! அந்தக் கறுப்புத் திரை திறக்கும்போதெல்லாம் ஓடும் தொடக்கக் கோப்பைத் திறந்து, நினைவூட்டலைக் காட்டும் வரிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் புயல். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. டிஸ்க் நிரம்பி, புதிதாக எதுவும் பதிவாகவில்லை.

"எல்லாப் படகும் வந்தாச்சு," என்றார் கர்கேரா. "எம் பையன் யதீஷ் போன படகும் வந்துடுச்சுன்னு போன்ல சொன்னாங்க. பயல் காய்ச்சலோட போனான், நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்ல. நீ பழசக் காலி பண்ணும்மா."

எதையும் முதலில் பயிற்சிக் கம்ப்யூட்டரில் அழித்துப் பார்ப்பது என் வழக்கம். அங்கே எல்லாவற்றையும் அழிக்கலாம், நஷ்டமில்லை. திரையில் பயிற்சிக்கு ஒரு ஜன்னல், நெசத்துக்கு ஒரு ஜன்னல். இரண்டும் ஒரே கறுப்பு.

பயிற்சி ஜன்னல் என்று நினைத்து, அழித்துப் பார்க்க இன்றைய ஃபோல்டருக்குள் நுழைந்தேன்.

'இது நெசம்.'

நான்தான் அந்த வரிகளைத் தூக்கிவிட்டேனே!

திரையின் மூலையைப் பார்த்தேன். நெசக் கம்ப்யூட்டரின் பெயர். ஜன்னல் மாறி நுழைந்திருக்கிறேன். ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, மறுபடி நுழைந்தேன்.

'ஒரு படகு இன்னும் வரல.'

விசைகள் ஈரமாயிருந்தன.

விரலை உதட்டில் வைத்தேன். உப்புக் கரித்தது.

"அண்ணே," என்றேன் மெதுவாக. "யதீஷக் கண்ணால பாத்தீங்களா?"

"போன்ல சொன்னாங்கன்னேனே..."

"அவனுக்குப் போன் போடுங்க."

மணி அடிக்கவேயில்லை. வந்து சேர்ந்தது அதே முதலாளியின் இன்னொரு படகு என்று கீழே துறையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. கர்கேரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என் புள்ள!"

நான் அழிக்க இருந்த ஃபோல்டரில்தான் யதீஷின் படகு கடைசியாக நின்ற இடம் இருந்தது. அதைக் கடலோரக் காவல் படைக்குச் சொன்னோம். பொழுது சாய்வதற்குள், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எல்லாரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். மகனைக் கட்டிக்கொண்டு கர்கேரா அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

அறைக்குத் திரும்பித் தொடக்கக் கோப்பைத் திறந்தேன். தூக்கிய வரிகள் தூக்கியபடியே இருந்தன. மனது கேட்கவில்லை. புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை, யாரும் எதுவும் எழுதி வைத்திருக்க வழியில்லை. மெல்ல அதற்குள் நுழைந்தேன்.

'எல்லாரும் வந்தாச்சா? நான் இன்னும் வரல.'